மெழுகுதிரிப் பெட்டி

“எழுது. ‘இந்தக் குற்றச்சாட்டு முற்றிலும் ஆதாரமற்றது.’ முற்றுப்புள்ளி.”

விசைப்பலகையின் மேல் டைப்பம்மாவின் விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

சன்னலோரத்து நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த அவளுடைய கணவர் தலையை லேசாகத் திருப்பினார். பார்வை மங்கி ஆறு வருஷமாகிறது. இப்போது அவருக்குக் காதுதான் எல்லாம். தட்டுகிற சத்தம் நின்றால் உடனே தெரிந்துவிடும்.

“என்ன, நின்னுட்ட?”

“சரியா காதுல விழல. திரும்பச் சொல்லுங்க.”

“ஆதாரமற்றது. ஆ-தா-ர-மற்றது. இதுகூடவா விழல?”

விழாமல் என்ன, நன்றாகவே விழுந்தது. இருபத்திரண்டு வருஷமாக அவர் சொல்லச் சொல்ல அவள் அடித்துக்கொண்டிருக்கிறாள். ‘திரும்பச் சொல்லுங்க’ என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அதற்கு முன்னால் வக்கீல் அலுவலகத்தில் முப்பது வருஷம். அங்கேயும் கேட்டதில்லை. அவள் விரல்களுக்கு வார்த்தை வந்தால் போதும், அர்த்தம் தேவையில்லை என்று பெரிய வக்கீல் கேலி செய்வார். அது பாராட்டா திட்டா என்று அவள் யோசித்ததில்லை.

இன்றைக்கு அர்த்தம் வந்து குறுக்கே நின்றது. அவள் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு அடித்தாள். ஆதாரமற்றது. முற்றுப்புள்ளி.

கணவரை அந்தக் கத்தோலிக்கக் கோயில் பங்கில் எல்லாரும் ‘பதிலய்யா’ என்றுதான் சொல்வார்கள். மாதா மாதம் வரும் பங்கு மடலில் கடைசிப் பக்கம் அவருடையது. கோயில் வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் சீட்டில் கேள்வி எழுதிப் போடலாம். பதிலய்யா பதில் சொல்வார். சிலுவைப்போரா, விசாரணை மன்றமா, பெண்கள் ஏன் குருவாகக் கூடாதா, எதைக் கேட்டாலும் அவரிடம் பதில் தயார். கலிலேயோவுக்கு மட்டும் இதுவரை ஏழு தடவை பதில் சொல்லியாகிவிட்டது. கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் எதையோ படித்துவிட்டு வந்து வம்பு இழுத்தால், அவர்களைப் பெற்றவர்கள், “இரு, பதிலய்யாகிட்ட கூட்டிட்டுப் போறேன்” என்று மிரட்டுவார்கள். அவரும் சளைக்காமல் மூன்று படியில் ஏறுவார். முதல் படியில் ஆதாரம் கேட்பார். இரண்டாவதில், நீ சொல்கிற வார்த்தைக்கு என்ன பொருள் என்று கேட்பார். மூன்றாவதில், உன் நோக்கம் என்ன என்று கேட்பார். மூன்றாவது படிக்கு வருவதற்குள் பிள்ளைகள் வாயடைத்துப் போய்விடுவார்கள்.

கெட்ட மனிதர் இல்லை. இதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். பெண்டாட்டிக்குத் தலைவலி என்றால் தைலத்தைத் தட்டுத்தடுமாறித் தேடி எடுத்துவந்து தடவிவிடுகிறவர். யார் மேலும் கை நீட்டாதவர். முப்பது வருஷம் பங்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து, பிறப்பு, திருமணம், இறப்பு என்று எல்லாப் பதிவேடுகளையும் முத்து முத்தான கையெழுத்தில் எழுதி வைத்தவர். அந்தப் பதிவேடுதான் இன்றைக்கு அவருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தது.

“அடுத்த பத்தி. ‘நமது பங்கின் இறப்புப் பதிவேட்டில், கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நடந்ததாக ஓர் அடக்கம்கூடப் பதியப்படவில்லை. பதிவேட்டில் இல்லாத ஒன்றை வரலாறு என்று எவ்வாறு ஏற்பது?’ கேள்விக்குறி. எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு” என்றாள். வழக்கமாகச் சொல்வதுதான்.

விஷயம் இதுதான். வாகனங்கள் நிறுத்தக் கொட்டகை போடலாம் என்று பங்குத்தந்தை கல்லறைத் தோட்டத்துப் பின்சுவருக்கு வெளியே இருந்த வெற்றிடத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார். மழைத்தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் தோண்டினார்கள். இடுப்பளவு ஆழத்தில் உளுத்துப்போன பலகைத் துண்டுகளும் துருப்பிடித்த தகரப் பட்டைகளும் கிடைத்தன. தோண்டியவர்கள் குப்பை என்று ஒதுக்கிப் போட்டார்கள். பல் டாக்டரின் மகள், கல்லூரியில் வரலாறு படிக்கிறவள், அதைக் குப்பை என்று விடவில்லை. ஊரில் வயதானவர்களைத் தேடிப் போய்க் கேட்டாள். முகத்தை மறைத்துக்கொண்டு ஒரு கிழவி பேசினாள். ஞானஸ்நானம் வாங்காமல் செத்துப்போன குழந்தைகளை சுவருக்கு உள்ளே, குரு மந்திரித்த மண்ணில் வைக்க மாட்டார்கள், சுவருக்கு அந்தப் பக்கம்தான் வைப்பார்கள், மணி அடிக்க மாட்டார்கள், மந்திரம் சொல்ல மாட்டார்கள் என்று. பல் டாக்டரின் மகள் அதை வீடியோவாகப் போட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள்.

பங்குத்தந்தை நேற்று மாலை வீடு தேடி வந்துவிட்டார். இளைஞர். பங்குக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. “அய்யா, ஃபோன் மேல ஃபோன். நமக்கு ஆகாதவங்க எல்லாம் நல்லா சிரிக்கறாங்க. நீங்கதான் நெத்தியடியா ஒரு பதில் கொடுக்கணும்” என்றார். “அப்படியெல்லாம் ஒண்ணும் நடக்கலதானே அய்யா?” என்றும் கேட்டார்.

டைப்பம்மா அப்போதுதான் தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். உள்ளே போகாமல் அங்கேயே நின்றாள்.

“பதிவேட்டுல ஒரு வரி கிடையாது ஃபாதர்” என்றார் பதிலய்யா. “நான்தான எழுதினவன்.”

அவர் சொன்னதில் பொய் என்று எதையும் காட்ட முடியாது. பதிவேட்டில் ஒரு வரி கிடையாதுதான். எழுதினவர் அவரேதான்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை டைப்பம்மாவுக்கு முதல் குழந்தை பிறந்தது. பெண். மூக்கு அப்பன் மூக்கு, நெற்றியில் மட்டும் அம்மா. மருத்துவச்சி, குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனாள். வீடு நிறைய ஆட்கள். பங்கு எழுத்தர் வீட்டுப் பிள்ளையின் ஞானஸ்நானம் சும்மா நடந்துவிட முடியுமா? ஞாயிற்றுக்கிழமைப் பெரிய பூசையில், பாட்டுக்குழு பாட, ஞானத்தாயும் ஞானத்தகப்பனும் வெளியூரிலிருந்து வந்து நிற்க, ஊர் பார்க்க நடக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். பெயரையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளலாம் என்று மனசுக்குள்ளேயே வைத்திருந்தார். அவளிடம்கூடச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மாலை குழந்தை பால் குடிக்கவில்லை. சனிக்கிழமை விடியும்போது இறந்துவிட்டது.

மாமியார் வந்து மார்பில் ஈரத்துணியை இறுக்கிக் கட்டினார். பால் கட்டிக்கொண்டு காய்ச்சல் வந்தது. எழுந்திருக்க விடவில்லை. வெளியே கூடத்தில் கணவரும் கோயிலில் மணியடிக்கிறவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது அவளுக்குக் கேட்டது. கோயிலுக்கு மெழுகுதிரி வருகிற மரப்பெட்டி ஒன்றை மணியடிக்கிறவர் கொண்டுவந்திருந்தார். நாலு மூலையிலும் தகரப் பட்டை அடித்தது. இந்த மாதிரிக் குழந்தைகளுக்கு என்று மணியடிக்கிறவர் நல்ல பெட்டியாகப் பார்த்து இரண்டு மூன்றை எப்போதும் எடுத்து வைத்திருப்பாராம். அது வழக்கமாம். உச்சிவேளையில் கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார். முன்வாசல் வழியாகப் போகவில்லை. அதுவும் வழக்கம். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து, கை கால் கழுவி, ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். எங்கே என்று அவள் கேட்டாள். “பத்திரமா இருக்கு” என்றார். அவ்வளவுதான். அதற்கப்புறம் இந்த முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் பேச்சே அந்த வீட்டில் வரவில்லை.

அடுத்து மகன் பிறந்தான். பிறந்த மூன்றாவது மணி நேரத்தில், ஆஸ்பத்திரிக் குழாய்த் தண்ணீரை டம்ளரில் பிடித்துவந்து தலையில் ஊற்றி அவரே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். நர்சுகள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அந்த மகன் இன்றைக்கு எங்கோ தூர தேசத்தில் தலை நரைக்கத் தொடங்கியவனாக இருக்கிறான். தனக்கு மூத்தவள் ஒருத்தி இருந்தாள் என்பது அவனுக்குத் தெரியாது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் கேள்விப்பெட்டியில் ஒரு சீட்டு வந்தது. ஞானஸ்நானம் இல்லாத குழந்தைகள் மோட்சமும் இல்லாத நரகமும் இல்லாத லிம்போ என்ற இடத்துக்குப் போகும் என்கிறார்களே, உண்மையா? பதிலய்யா சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். ‘லிம்போ என்பது சிலர் கொண்டிருந்த கருத்து மட்டுமே. அது ஒருபோதும் விசுவாசக் கோட்பாடாக இருந்ததில்லை. அக்குழந்தைகளைத் திருச்சபை இறைவனின் இரக்கத்தில் ஒப்படைக்கிறது.’ அடித்து முடித்து அவள் காத்திருந்தாள். இப்போதாவது நம் குழந்தையைப் பற்றி ஒரு வார்த்தை வரும் என்று. அவர், “அடுத்த சீட்டை எடு” என்றார்.

அவள் அடுத்த சீட்டை எடுத்தாள். கோட்பாடே இல்லையா? வெறும் கருத்தா? முப்பது வருஷம் ஒவ்வொரு பூசையிலும் கண்ணை மூடியபோதெல்லாம், இருட்டும் வெளிச்சமும் இல்லாத ஓர் இடத்தில் ஒரு குழந்தை தனியாகக் கிடப்பதை அவள் பார்த்திருக்கிறாளே. அது யாரோ சிலரின் கருத்து என்று ஒருத்தராவது அன்றைக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?

“முடிச்சாச்சு” என்றார் பதிலய்யா இப்போது. “கடைசி வரி மட்டும் போடு. ‘உண்மையை அறிய விரும்புவோர் பதிவேடுகளைப் பார்வையிடலாம், திருச்சபைக்கு மறைப்பதற்கு எதுவுமில்லை.’ பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வந்துடு. பன்னெண்டு மணிக்குள்ள அச்சகத்துக்குப் போகணும்னார் ஃபாதர்.”

அவள் அடித்தாள். வழக்கம்போல இடது பக்கம் அடியில், சொன்னவரின் முதலெழுத்து, ஒரு சாய்கோடு, தட்டச்சு செய்தவளின் முதலெழுத்து. வக்கீல் அலுவலகப் பழக்கம். எந்தக் கடிதத்தை யார் சொன்னார், யார் அடித்தார் என்று நாளைக்குக் கேள்வி வந்தால் தெரிய வேண்டும் என்பதற்காக. பங்கு மடலில் அச்சாகும்போது அந்த எழுத்துக்களை எடுத்துவிடுவார்கள். அவளும் விடாமல் போட்டுக்கொண்டேதான் இருந்தாள்.

காகிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். பங்கு அலுவலகத்துக்கு முன்வாசல் வழியாகப் போனால் ஐந்து நிமிடம். கால் என்னவோ பின்பக்கத் தெருவில் திரும்பியது.

கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஆளுயரம். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு போவாள். இன்றைக்கு வேலை நடக்கவில்லை. வாய்க்கால் பாதியில் நின்றிருந்தது. மண்மேட்டுப் பக்கத்தில் பல் டாக்டரின் மகள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அளவுநாடாவைப் பிடித்து எதையோ குறித்துக்கொண்டிருந்தாள். இவளைப் பார்த்ததும் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

“ஆன்ட்டி, அய்யா அனுப்பிச்சாரா? திட்டறதுக்கா?”

“நானாத்தான் வந்தேன்.”

“எல்லாரும் என்னைக் கோயிலுக்கு எதிரிங்கறாங்க. ஞாயித்துக்கிழமை பாட்டுக்குழுவுல ரெண்டாவது வரிசையில நிக்கறவ நான். உங்களுக்கே தெரியும்.” அவள் அளவுநாடாவைச் சுருட்டினாள். “நான் ஒண்ணும் இல்லாததைச் சொல்லல ஆன்ட்டி. இங்க எத்தனை பேர் இருக்காங்கன்னாவது எண்ணிட்டு அப்புறம் கொட்டகை போடுங்கன்னுதான் சொல்றேன். ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஆமாம், எங்க வீட்டுப் பிள்ளை இங்க இருக்குன்னு சொன்னா போதும். யாரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க.”

ஒரு சாக்கின் மேல் தகரப் பட்டைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தாள். டைப்பம்மா குனிந்து ஒன்றை எடுத்தாள். துரு விரலில் ஒட்டியது. விரலால் தேய்த்தபோது, புடைப்பாக அச்சுக் குத்திய மூன்று சுடர்கள் தட்டுப்பட்டன. மெழுகுதிரிக் கம்பெனியின் முத்திரை.

“இது என்னன்னு தெரியுமா உங்களுக்கு? எனக்குப் புரியவே இல்ல” என்றாள் பெண்.

“மெழுகுதிரிப் பெட்டியோடது” என்றாள் டைப்பம்மா. “மூலைக்கு ஒண்ணா நாலு இருக்கும்.”

பெண் அவளையே பார்த்தாள். பிறகு மெதுவாக, “உங்களுக்கு எப்படி...” என்று ஆரம்பித்து, கேட்காமல் நிறுத்திக்கொண்டாள். புத்திசாலிப் பெண். சாக்கின் மேலிருந்தவற்றை இரண்டு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். இருபத்தேழு. நாலால் வகுத்தால் மிச்சம் வந்தது.

டைப்பம்மா பங்கு அலுவலகத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பினாள்.

“கொடுத்துட்டியா? ஃபாதர் படிச்சாரா? என்ன சொன்னார்?” பதிலய்யா ஆவலாகக் கேட்டார்.

“இன்னும் கொடுக்கல. ஒரு சீட்டு பாக்கி இருக்கு.”

“பெட்டியிலயா? காலைல எல்லாத்தையும் வாசிச்சிட்டியே?”

“இது அப்புறமா வந்தது. வாசிக்கட்டுமா?”

“வாசி, வாசி.” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கேள்வி என்றால் அவருக்கு அப்படி ஒரு தெம்பு.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து பிரிண்டர் காகிதம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டாள். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. வெள்ளைத்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் யாரும் சொல்லாததை வாசித்தாள்.

“‘மதிப்புக்குரிய அய்யா. முப்பத்தெட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை உச்சிவேளையில், மெழுகுதிரிப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போன ஒருவர், அதைச் சரியாக எந்த இடத்தில் வைத்தார்?’”

தெருவில் யாரோ சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனார்கள். பதிலய்யாவின் கை நாற்காலியின் கைப்பிடியைத் தேடிப் பிடித்தது.

“யாரு எழுதினது?”

“கையெழுத்து இல்ல.”

“யாருன்னு கேக்கறேன்.”

“மூணாவது படிக்கு ஏன் தாவறீங்க?” என்றாள். “முதல் படியிலயே நில்லுங்க. ஆதாரம் வேணுமா? நான் வந்து நிக்கறேன்.”

அவர் வாய் திறந்து மூடியது. பல்லாயிரம் பேரிடம் வாதாடின வாய். அவருடைய குரலே இல்லாத ஒரு குரலில் சொன்னார்.

“சுவத்துல இருந்து பத்தடி. கல்லறைத் தோட்டத்துப் பின்வாசல் தூணுக்கு நேரா. ஒரு தட்டைக் கல்லு வெச்சேன். அப்புறம் போய்ப் பாத்தப்ப கல்லைக் காணோம்.”

“போய்ப் பாத்தீங்களா?”

“வருஷா வருஷம் போவேன். கண்ணு தெரிஞ்ச வரைக்கும்.”

அவள் இதை எதிர்பார்க்கவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே, தனித்தனியாக இரண்டு பேர் ஒரே குழந்தைக்கு அழுதிருக்கிறார்கள். என்ன வீடு இது, என்ன வாழ்க்கை இது என்று அவளுக்கு ஆற்றாமையாக வந்தது.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“என்னன்னு சொல்றது?” அவர் கண்களில் பார்வை இல்லை, நீர் மட்டும் இருந்தது. “ஆபத்துன்னா யார் வேணா தண்ணி ஊத்தலாம். குருவே வேணாம். ஒரு டம்ளர் தண்ணி, ஒரு வரி மந்திரம். எனக்கு அது மனப்பாடம். ஊருக்கெல்லாம் சொன்னவன் நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது பால் குடிக்கலன்னு நீ சொன்னப்பவே நான் ஊத்தியிருக்கணும். ஞாயித்துக்கிழமை வந்துடுதே, பாட்டுக்குழுவுக்கெல்லாம் சொல்லியாச்சேன்னு இருந்துட்டேன். ஒரு டம்ளர் தண்ணி ஊத்தியிருந்தா சுவத்துக்கு உள்ள இருந்திருக்கும். என் கையாலயே பதிவேட்டுல எழுதியிருப்பேன்.”

அவள் எழுந்து போய் அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அவளும் அழுதாள். கொஞ்ச நேரம் அந்த வீட்டில் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டதும் அவள் கேட்டாள். “அப்ப, அந்தப் பதிலை மாத்தி எழுதிடலாமா? சொல்லுங்க, அடிக்கறேன்.”

பதிலய்யாவின் முதுகு விறைத்தது. துண்டால் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

“அது வேற, இது வேற.”

“என்ன வேற?”

“இது நம்ம வீட்டு விஷயம். என் தப்பு. நான் சாகற வரைக்கும் சுமந்துக்கறேன். அது திருச்சபை விஷயம். நாலு பேர் சிரிக்கறதுக்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். எழுதினது எழுதினபடியே போகட்டும்.”

“பிள்ளை நம்ம பிள்ளை. சுவர் யாரோடது?”

அவர் கேள்வி காதில் விழாதவரைப் போல, “மணி என்ன ஆச்சு? ஃபாதர் காத்துட்டிருப்பார்” என்றார்.

அவள் கணினியின் முன்னால் உட்கார்ந்தாள். அவர் சொன்னதில் ஓர் எழுத்தை மாற்றவில்லை. ஆதாரமற்றது என்பது ஆதாரமற்றது என்றே இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், இடது பக்கத்தில், அந்த இரண்டு முதலெழுத்துக்களை மட்டும் அழித்தாள். அந்த இடத்தில் நிதானமாக அடித்தாள். தட்டும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தவர், “இன்னும் என்ன அடிக்கற?” என்றார்.

“கீழே போடறது” என்றாள். “எப்பவும் போடறதுதான்.”

பங்குத்தந்தை காகிதத்தை நின்றபடியே வேகமாகப் படித்தார். முகத்தில் திருப்தி ஏறிக்கொண்டே வந்தது. அடிக்கு வந்ததும் நின்றது. மறுபடியும் படித்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்துகொண்டார்.

“அம்மா... இது உண்மையா?”

“பத்தடி தள்ளி. பின்வாசல் தூணுக்கு நேரா.”

அவர் அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அலமாரியில் பதிவேடுகள் தோல் அட்டை போட்டு வரிசையாக நின்றன. “எனக்கு யாரும் சொல்லலயேம்மா” என்றார், ஒரு குழந்தையைப் போல. பிறகு தயங்கித் தயங்கி, “கீழே இருக்கறதை எடுத்துடலாமா? மேல ஒண்ணு, கீழே ஒண்ணுன்னு போட்டா படிக்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?” என்றார்.

“அப்ப மேல இருக்கறதை எடுத்துடுங்க ஃபாதர்.”

“அது அய்யா எழுதினதாச்சே. அவரைக் கேக்காம எப்படி...”

“இது நான் எழுதினது. என்னைக் கேக்காம இதையும் எடுக்கக் கூடாதுல்ல?”

அவளுடைய குரல் உயரவே இல்லை. அச்சகத்திலிருந்து இரண்டாவது தடவையாக ஃபோன் வந்தது. பங்குத்தந்தை காகிதத்தை உறையில் போட்டார். ஒட்டுவதற்கு முன் ஒரு கணம் யோசித்தார். எதையும் நீக்காமல் ஒட்டிவிட்டார்.

பங்கு மடல் ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வாசலில் கொடுக்கப்பட்டது. மற்ற நாட்களில் நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்கள் அன்றைக்கு நின்ற இடத்திலேயே படித்தார்கள். பதிலய்யாவைக் கைப்பிடித்து அழைத்து வந்த டைப்பம்மாவுக்கு வழி விட்டு ஒதுங்கினார்கள். வயதான ஒருத்தி மட்டும், இவள் அதிகம் பழகியிராதவள், கிட்டே வந்து இவளுடைய முழங்கையை ஒரு முறை அழுத்திவிட்டுப் போனாள். வாசல்படியில் இன்னொருத்தி தூணில் சாய்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தேழு தகரப் பட்டைகளின் ஞாபகம் டைப்பம்மாவுக்கு வந்தது.

“என்னம்மா, ஒருத்தரும் கை குடுக்கல? பதில் நல்லா இல்லையா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார் பதிலய்யா.

வீட்டில் அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். மடல் வந்ததும் கடைசிப் பக்கத்தை வாசித்துக் காட்டுவது எப்போதும் உள்ள வழக்கம். கேள்வியை வாசித்தாள். பதிலை வாசித்தாள். ‘திருச்சபைக்கு மறைப்பதற்கு எதுவுமில்லை’ என்று முடிந்ததும் அவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

“இன்னும் ஒரு வரி இருக்கு” என்றாள்.

“என்ன வரி?”

“‘இந்தப் பதிலைத் தட்டச்சு செய்தவளின் மூத்த மகள், கல்லறைத் தோட்டத்துப் பின்சுவருக்கு வெளியே, பத்தடி தூரத்தில், மெழுகுதிரிப் பெட்டியில் இருக்கிறாள்.’”

திட்டுவார் என்றுதான் அவள் நினைத்தாள். திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள். அவருடைய உதடுகள் மட்டும் அந்த வரியைத் திரும்பச் சொல்லிப் பார்த்தன. கடைசியில் கேட்டார்.

“பேரு போடலயா?”

“பேருதான் வெக்கலயே.”

அவர் தலை குனிந்தது. “ஞாயித்துக்கிழமை வெக்கலாம்னு இருந்தேன்” என்றார்.

டைப்பம்மா எழுந்து போய்க் கணினியைத் திறந்தாள். விரல்களை விசைகளின் மேல் வைத்துக்கொண்டாள்.

“இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான்” என்றாள். “சொல்லுங்க.”